தூணில் ஓர் எடை, அட்டையில் ஓர் எடை

கற்பகம், சரவணா, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

உங்கள் சீனி அத்தைக்குக் கால்கள் போனதற்கும் ஞாபகம் போனதற்கும் அந்த டாக்டர் காரணம் இல்லை. நான் காரணம். உங்கள் அப்பா.

இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது...

போன வாரம் கற்பகத்துக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்த கடிதம் வந்தது. சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அத்தை எப்போதும் போலச் சுவரோடு சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். "எங்க வேணும்னாலும் வேலை பாப்பேம்பா. அந்தாள மாதிரி டாக்டர்ட்ட மட்டும் பாக்க மாட்டேன்" என்றாய், கற்பகம். "அவன் கைய முறிக்கணும்" என்றான் சரவணன். "சோத்துக்கு முன்னால அந்தப் பேச்சு எதுக்கு?" என்று உங்கள் அம்மா அதட்டினாள்.

நான் ரசத்தை ஊற்றிப் பிசைந்தேன். சோறு இறங்கியது. எப்படி இறங்கியது என்றுதான் இன்றுவரை யோசிக்கிறேன்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் நான் செய்தது புரியும். நான் எட்டாவது வரை படித்தவன். ராஜபாளையத்தில் பஞ்சுக் குடோனில் தராசுக்காரன். பஞ்சுப் பேலை, அதாவது அழுத்திக் கட்டிய பொதியை, இரும்புப் பலகையில் ஏற்றுவார்கள். தராசுத் தண்டில் எடைக்குண்டை நகர்த்துவேன். தண்டு மட்டமாக நிற்கிற இடத்தில் எண்ணைப் படிப்பேன். படித்த எண்ணை முதலில் சாக்பீஸால் பக்கத்துக் கருங்கல் தூணில் எழுதுவேன். அது மொத்த எடை. பிறகு மேலே சுற்றிய சாக்குக்கும், இரும்புப் பட்டைக்கும், ஈரத்துக்கும் கழித்து, மிச்சத்தை நோட்டில் எழுதுவேன். அந்தக் கழிக்கிறதற்குக் கழிவு என்று பேர்.

தூணில் இருப்பது கண் பார்த்தது. நோட்டில் இருப்பது கை கழித்தது. எங்கள் வேலையில் அது பொய் இல்லை, முறை. பஞ்சுக்குள் விரலை விட்டுப் பார்த்தே ஈரத்துக்கு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். பல வருஷம் கழித்த கை. தண்டு காட்டுகிறதை அப்படியே எழுத இந்தக் கைக்குத் தெரியாமல் போய்விட்டது.

இதை ஒரு சமாதானமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முதல் ஒரு கிலோவுக்கு மட்டும்தான் இது சமாதானம். மீதிக்கு இல்லை.

சீனியம்மாள் எனக்கு ஆறு வயது இளையவள். நூல் மில்லில் கோன் வைண்டிங்கில், நூலைக் கூம்புகளில் சுற்றுகிற மெஷினில், இருந்தாள். அறுந்த நூலைக் கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடுவாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் உடம்பு போட ஆரம்பித்தது. போட்டது நிற்கவே இல்லை. இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள், வந்ததோடு சரி. கடைசியில் இரண்டு மெஷினுக்கு நடுவில் திரும்ப முடியாத அளவுக்கு ஆனபோது, சூப்பர்வைசர் அவளைக் கழிவுப் பஞ்சு பொறுக்குகிற இடத்துக்கு மாற்றிவிட்டார். படுத்தால் மூச்சு அடைக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள்.

"திரும்ப வைண்டிங்குக்குப் போயிரணும்ணே. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்பாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு டாக்டர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறார் என்று கேள்விப்பட்டு அழைத்துப் போனேன். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சர்ஜன். பிறந்த ஊர் என்பதால் வாரம் ஒரு நாள் அங்கே ஓர் அறையில் உட்கார்ந்து பார்ப்பார். அவர் பேரை இங்கே எழுதவில்லை. அவர் பேரை எழுதுகிற தகுதி எனக்கு இல்லை.

அந்த அறையில் இருந்த எடை மெஷின் நூற்றிருபது வரைதான். சீனி ஏறி நின்றதும் முள் ஓடிப் போய் ஓரத்தில் முட்டி நின்றது.

"மிஷினு தோத்துப் போச்சு சார்" என்று சிரித்தாள். டாக்டரும் சிரித்துவிட்டார்.

"எங்க குடோன்ல பேல் நிறுக்குற தராசு இருக்கு சார்" என்றேன் நான். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவரும் இன்னும் இரண்டு டாக்டர்களும் சேர்ந்து ஒரு வழிமுறை எழுதிக்கொண்டிருந்தார்கள். மேஜை மேல் நீளநீளமான தாள்கள். அடித்து அடித்துத் திருத்தியிருந்தது. வயிற்றின் மேல்பகுதியைக் கிளிப் போட்டுச் சின்னப் பையாக ஆக்குகிற ஆபரேஷன் அப்போது நம் பக்கத்துக்குப் புதிது.

"கத்தி பாதி வேலைதான் பாக்கும் அண்ணாச்சி" என்றார். "மீதிய சாப்பாடு பாக்கணும், நடை பாக்கணும், மாத்திரை பாக்கணும், மனசு பாக்கணும். எது முதல்ல, எது பொறவு, யாருக்கு எம்புட்டு நாள்னு நம்ம ஊருக்கு யாரும் எழுதி வைக்கல. வெளிநாட்டுல எழுதினது ரொட்டி திங்கிறவங்களுக்கு. நாம சோறு திங்கிறோம். எழுதி வச்சா, நாளைக்கு நான் இல்லாட்டாலும் இன்னொரு டாக்டர் தடுமாற மாட்டான்ல?"

ஒரு தாளை எடுத்து ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னார். எடை பார்ப்பது ஒரே தராசு, ஒரே ஆள், ஒரே நேரம். பிறகு என்னைப் பார்த்தார். "அந்த ஒரே ஆள் நீங்கதான். நீங்க எழுதுத எண்ணுதான் எனக்குக் கண்ணு."

என்னை அதுவரை ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை, பிள்ளைகளா.

அடுத்த ஞாயிறு அவரே குடோனுக்கு வந்தார். லோடு வந்த நாள், லோடுமேன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சீனி இரும்புப் பலகையில் ஏறி நின்றாள். தூணைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து நின்றாள்.

லோடுமேன்களில் ஒருவர், எங்கள் தெருக்காரர் கருப்பசாமி, சும்மா இருப்பாரா? "ஏத்தா சீனி, இன்னும் முப்பது கிலோ போட்டா ஒரு பேலு. பட்டை கட்டி லாரில ஏத்திரலாம்."

"பேலுன்னா தூக்க நாலு பேரு வேணும்லா? நான் தன்னால நடந்து வந்தேன் மாமா. நீரு ஒரு பேலைத் தன்னால நடக்க வையும் பாப்போம்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவள் முழங்கால் நடுங்கியது பலகை வழியாகத் தண்டுக்கு வந்தது. குண்டு நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நின்றது. நூற்று நாற்பத்திரண்டு. தூணின் பின்பக்கம், யார் கண்ணும் படாத இடத்தில் 142 என்று எழுதினேன். டாக்டர் கொடுத்த அட்டையில் 141 என்று எழுதினேன்.

அந்த ஒரு கிலோ யாருக்காக? சேலைக்கா, வளையலுக்கா, கருப்பசாமியின் சிரிப்புக்கா? கை எழுதிவிட்டது. அவ்வளவுதான்.

டாக்டர் அட்டையின் பின்புறம் இரண்டு விஷயம் எழுதி, எனக்கும் விளக்கிச் சொன்னார். ஒன்று: ஆபரேஷனுக்கு முன்னால் நான்கு மாதத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைய வேண்டும், அதாவது பதினாலு கிலோ. ஈரலில் இருக்கிற கொழுப்பு வற்றினால்தான் கத்தி வைக்க இடம் கிடைக்கும். சாப்பாட்டுக் கட்டுப்பாடும் அதற்குள் பழகிவிடும். இரண்டு: ஆபரேஷனுக்குப் பின்னால் ஆறு வாரத்தில் வாந்தியோடு பத்து கிலோவுக்கு மேல் இறங்கினால், உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து வைட்டமின் ஊசி போட வேண்டும். "வைட்டமின் வத்திட்டா நரம்பு போயிரும். போனது சில நேரம் திரும்பாது" என்றார்.

இந்த இரண்டும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் எங்கேயும் சொல்ல முடியாது.

சீனி மாதிரி இன்னும் நான்கு பேர் எடை பார்க்க வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் உள்ளதைத்தான் எழுதினேன். மனசு தொடாத ஆளுக்குக் கை ஒழுங்காக நின்றது.

சீனி மாதம் ஒரு ஞாயிறு, லோடுமேன்கள் வருவதற்கு முன்னால் வருவாள். முதல் மாதம் தூணில் 138. அட்டையில் 137. இரண்டாம் மாதம் தூணில் 136. அட்டையில் 134.

அவள் ஏமாற்றவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டிச் சோறும் கீரையும். மில்லுக்குப் போகும் முன் ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்து போய்த் திரும்புவாள். வழியில் மூன்று இடத்தில் உட்காருவாள். உட்காருவதற்கென்று ஒரு பழைய பேப்பரை மடித்து இடுப்பில் செருகியிருப்பாள். மூன்றாம் மாதம் பலகையில் ஏறினாள். குண்டு போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றது. 136.

"எம்புட்டுண்ணே?" என்றாள், வாசலைப் பார்த்தபடி.

"நூத்தி முப்பத்தொண்ணு" என்றேன்.

அட்டையிலும் அப்படியே எழுதினேன். ஐந்து கிலோ கழிவு. எந்தச் சாக்குக்கு? எந்த ஈரத்துக்கு?

நான்காம் மாதம் தூணில் 135. அட்டையில் 127. பதினாலு கிலோ குறைந்தாயிற்று என்று டாக்டரின் விதிக்குச் சரியாக வந்துவிட்டது. "நெசமாவாண்ணே?" என்று கேட்டாள். "நான் எதுக்குட்டி பொய் சொல்லப் போறேன்" என்றேன். பலகையை விட்டு இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அந்த அழுகையை நான் சம்பாதித்தது போல நின்றுகொண்டிருந்தேன்.

இரக்கம்தான் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மையாகவே அது இரக்கமா? என் வேலையிடத்தில், என் தராசில், என் தங்கச்சி ஏறி நிற்பதைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற வெட்கம் அதில் இல்லையா? டாக்டர் என்னைக் கண்ணு என்று சொன்ன பிறகு, என் வீட்டு ஆள் தோற்கக் கூடாது என்ற கர்வம் இல்லையா? எது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பஞ்சில் ஈரத்தைத் தொட்டுச் சொல்கிறவனுக்கு இது பிடிபடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. "சார், அவ சொன்னபடி எல்லாம் செய்தா, உடம்பு கேக்கல" என்று நான் போய்ச் சொல்லியிருந்தால் அவர் துரத்தியிருப்பாரா? மாட்டார். மாத்திரையைக் கூட்டியிருப்பார். இன்னும் இரண்டு மாதம் கொடுத்திருப்பார். இப்படி நின்றுபோகிறவர்களுக்கு என்ன செய்வது என்று அந்தத் தாளில் ஒரு வரி சேர்ந்திருக்கும். அவர் தேடிக்கொண்டிருந்ததே அந்த வரியைத்தான். நான் அதைக் கழித்துவிட்டேன்.

மதுரை ஆஸ்பத்திரியிலும் என் அட்டையின் எண்ணையே எடுத்துக்கொண்டார்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அதுவும் எனக்குத் தைரியம் கொடுத்தது. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். இனிமேல் கழிக்கவே கூடாது, உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அதுதான் அவளைக் கொன்றது போல ஆயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு வாந்தி. மூன்று வாய் கஞ்சி குடித்தால் இரண்டு வாய் வெளியே வரும். உங்கள் அம்மா பயந்தாள். "புது வயிறு, பழகணும்லா" என்று சீனியே சமாதானம் சொன்னாள். ஆறாவது வாரம் குடோனுக்கு அழைத்துப் போனேன். பலகையில் ஏறினாள். தண்டு மட்டமாக நின்றது. 121. தூணில் 121 என்று எழுதினேன். அட்டையிலும் 121 என்று எழுதினேன்.

பாருங்கள், பிள்ளைகளா... நிஜத்தில் அவள் 135-இலிருந்து 121-க்கு இறங்கியிருந்தாள். பதினாலு கிலோ. அட்டையில் 127-இலிருந்து 121. ஆறு கிலோ. பத்துக்கு மேல் இறங்கினால் ஊசி என்பது டாக்டரின் விதி. பதினாலு தூணில் இருந்தது. ஆறுதான் அவர் கைக்குப் போனது.

அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். டாக்டர் அட்டையைப் பார்த்தார்.

"வாந்தி இருக்காம்மா?"

"இருக்கு சார். எது குடிச்சாலும் வருது."

"ஆறு வாரத்துல ஆறு கிலோ. நிதானமாத்தான் குறையுது. அப்ப உள்ள போக வேண்டியது போகுது. வாந்தி வருதுன்னா அளவுக்கு மேல சாப்பிடுறீங்கன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சமா, நல்லா மென்னு சாப்பிடணும்."

"நான் மூணு வாய் கஞ்சிதான் சார் குடிக்கேன்."

டாக்டர் கோபப்படவில்லை. அன்பாகத்தான் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. அட்டை வேற சொல்லுதே."

சீனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. நான் எழுதிய எண்கள் அவளைப் பொய்க்காரியாக ஆக்கி அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தன. ஒரு வார்த்தை போதும். "பதினாலு சார்" என்று ஒரே ஒரு வார்த்தை. சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். திரும்ப மாட்டினேன்.

இதுதான் நான் செய்தது. எடையைக் கழித்தது ஒரு தப்பு. ஆனால் நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்தது அந்த அறையில் மூடியை மாட்டியதைத்தான்.

பஸ்ஸில் அவள் கேட்டாள். "டாக்டரு என்னைய பொய்க்காரின்னு நெனைக்காரோ?"

"அப்படியெல்லாம் இல்லட்டி. தூங்கு செத்த நேரம்."

அடுத்த வாரம் ஒரு நாள் எனக்குச் சாப்பாடு கொண்டு குடோனுக்கு வந்தாள். "கால் வைக்கிறதே தெரியலண்ணே. பஞ்சு மேல நடக்குத மாதிரி இருக்கு" என்றாள். "பஞ்சுக் குடோன்ல வேற எதுமேல நடப்ப?" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

அதற்கு நான்கு நாள் கழித்துக் குழாயடியில் விழுந்தாள். தூக்கப் போனபோது என் முகத்துக்குப் பக்கத்தில் காற்றைத் தடவினாள். "ரெண்டு அண்ணனா தெரியுதே" என்றாள். உன் பேரைக் கேட்டேன், கற்பகம். அவளுக்குச் சொல்ல வரவில்லை. வேன் பிடித்து மதுரைக்கு ஓடினோம். டாக்டர் பார்த்த உடனே ஊசி போட ஆரம்பித்துவிட்டார். கண் சரியானது. மற்றது சரியாகவில்லை.

வராந்தாவில் அட்டையை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஆறு கிலோவுக்கு இப்படி ஆகாதே அண்ணாச்சி. நிறுத்ததெல்லாம் சரிதானே?"

"சரிதான் சார்."

"தராசுல ஏதும் கோளாறு இருக்குமோ? ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்."

மாற்றுத் துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லி அன்றைக்கே ஊருக்கு வந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. குடோனுக்குப் போனேன். தூணின் பின்பக்கம் ஆறு எண்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. ஒரு சாக்கை வாளியில் நனைத்துத் துடைத்தேன். கருங்கல் ஈரமாகப் பளபளத்தது. காய்கிற வரைக்கும் அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் துணி எடுக்கப் போனேன்.

ஞாயிறு டாக்டர் வந்தார். முத்திரை போட்ட இருபது கிலோக் கற்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் பலகையில் ஏற்றச் சொன்னார். நானே ஏற்றினேன். நூற்றிருபது வரை ஏற்றியும் தண்டு நூலிழை பிசகவில்லை. ஒரு பேல் மேல் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தராசு சரி. எழுதின ஆளும் சரி. அப்ப தப்பு என்னோடதுதான். அந்தப் பிள்ளை மூணு வாய் கஞ்சிதான்னு சொன்னா... நான் நம்பல."

நான் கற்களை இறக்கிவைத்தேன். ஆறு கற்கள். ஒவ்வொன்றாக.

அடுத்த ஞாயிறு நம் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். என்னை முன்னால் உட்கார வைத்தார்கள். அவர் போர்டைப் பிடுங்கிப் போட்டார்கள். "ஒரு பொம்பளப் பிள்ளைய வச்சுப் பரீட்சை பாத்தியால?" என்று உங்கள் மாமா அவர் சட்டையைப் பிடித்தார். அவர் கையைத் தட்டிவிடவில்லை. கூட்டத்துக்கு மேலே என்னைத்தான் பார்த்தார். நான் மட்டும் அவரைத் திட்டவில்லை என்பதற்காக ஒரு நன்றி அந்தப் பார்வையில் இருந்தது...

அதோடு அந்த அறை மூடிவிட்டது. எடை பார்த்த மற்ற நான்கு பேருக்கும் ஆபரேஷன் நடக்கவில்லை. அதில் கான்சாபுரத்துக்காரர் ஒருவர், நல்ல மனுஷன், நிறுக்க வரும்போதெல்லாம் எனக்குத் தோட்டத்துக் கொய்யா கொண்டுவருவார். இரண்டு வருஷம் கழித்துத் தூக்கத்திலேயே மூச்சு நின்று போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கணக்கும் என்னிடம்தான் இருக்கிறது.

கற்பகம், நீ ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது எனக்குத் தபாலில் டைப் அடித்த ஒரு கட்டு வந்தது. ஞாபகம் இருக்கிறதா? அதுதான் அந்த வழிமுறை. எப்படியோ எழுதி முடித்திருக்கிறார்கள். எனக்கு ஆங்கிலம் ஓடாது என்று உன்னைப் படித்துச் சொல்லச் சொன்னேன். நீ எழுத்துக் கூட்டி, அகராதியைப் புரட்டிச் சொன்னாய். நம்பகமான ஒருவர் பதிந்த எடைப்படி, மெதுவாகவே இளைத்த ஒரு பெண்ணுக்கும் நரம்பு பாதித்தது. ஆகவே எடை எவ்வளவு குறைந்திருந்தாலும் சரி, வாந்தி மூன்று நாளைத் தாண்டினால் ஊசி போட்டுவிட வேண்டும். அந்த நம்பகமான என்ற சொல்லுக்கு நீதான் அர்த்தம் பார்த்துச் சொன்னாய்.

"இது சீனி அத்தையாப்பா?" என்று கேட்டாய்.

"இல்ல. இது வேற யாரோ" என்றேன்.

அந்த விதி நல்ல விதிதான். அதனால் எங்கேயாவது யாருக்காவது கால் தப்பியிருக்கலாம். என் பொய்யிலிருந்தும் ஒரு நல்லது முளைத்ததே என்று ஒரு நாள் மனசு மெல்ல நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அத்தை கூப்பிட்டாள். மனசு நகர்ந்த இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. வரும் காலத்தில் யார் நன்றாக இருந்தாலும் அது அவர் நம்பிக்கையோடு எழுதியது. எனக்கு அதில் பங்கு இல்லை.

அத்தை எதற்குக் கூப்பிடுவாள் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் சிரித்துவிட்டுப் போவீர்கள். அவள் ஞாபகம் அந்த வருஷத்தோடு நின்றுவிட்டது. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது கேட்பாள்.

"அண்ணே, இந்த மாசம் நிறுத்தாச்சா?"

"நிறுத்தாச்சும்மா."

"எம்புட்டு?"

நான் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்வேன். அவள் முகம் மலரும். "அப்ப வைண்டிங்குக்குப் போயிரலாம்ல?" என்பாள். இன்றைக்கும் கழித்துத்தான் சொல்கிறேன்.

டாக்டர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்திருக்கலாம். மதுரை ஒரு பஸ் தூரம். பத்து வருஷத்தில் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். விசாரிக்கவில்லை. அதற்கும் காரணம் எதுவும் எழுதப் போவதில்லை.

கற்பகம், நீ நாளைக்கு ஒரு வார்டில் நின்று அட்டையில் எண் எழுதுவாய். அதற்கு அப்பா புத்தி சொல்ல வரவில்லை. புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டு நீ அந்த வேலைக்குப் போகக் கூடாது. சரவணா, முறிக்க வேண்டிய கை எது என்று இப்போது உனக்குத் தெரியும். அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. உங்கள் அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று இங்கே எழுதப் பார்த்தேன். மன்னிக்க வேண்டியவளிடம் நான் சொன்னால், அடுத்த நாள் காலையில் அவளுக்கு அது ஞாபகம் இருக்காது. மறுபடி, "எம்புட்டுண்ணே?" என்பாள். அதனால் அந்த வார்த்தையை எழுதவில்லை.

இதுவரை எழுதியது நேற்று. இன்று ஞாயிறு. காலையில் குடோன் சாவியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். தராசைத் தொடவில்லை. பெட்டியிலிருந்து ஒரு புது சாக்பீஸ் எடுத்துக்கொண்டு அந்தத் தூணுக்குப் போனேன். பின்பக்கம் இல்லை, லோடுமேன்கள் நிற்கிற முன்பக்கம். மேலே அவள் பேரை எழுதினேன். அதன் கீழே தண்டு காட்டியதை இடது பக்கமும், நான் அட்டையில் எழுதியதை வலது பக்கமும் எழுதினேன். ஒன்றும் மறக்கவில்லை. 142, 141. 138, 137. 136, 134. 136, 131. 135, 127.

கடைசி வரியில் இரண்டு பக்கமும் ஒரே எண். 121, 121.

துடைக்காமல் பூட்டிவிட்டு வந்தேன். நாளைக்குக் காலையில் கருப்பசாமி வருவார்.